காலதர் அடைத்த அறை

நுழையும்முன்

உணவைப் பார்த்து உண்பதும் நீரை வடிகட்டிப் பருகுவதும் எல்லா வீடுகளிலும் வழக்கம். நாள்தோறும் பல்லாயிரம் முறை உள்ளிழுக்கும் காற்றையோ எவரும் அவ்வாறு சோதிப்பதில்லை. வெளிக்காற்றின் மாசு செய்தியாகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் மாசு பேசப்படாமலே போகிறது. கதவும் சன்னலும் மூடிய குளிரறைக்குள் உறங்கும் பழக்கம் சிற்றூர்களையும் எட்டிவிட்ட இக்காலத்தில், அந்த அறையின் காற்றைப் பற்றிய அறிவு உடல்நலத்தின் முதற்பாடமாகிறது.

மாறிய வீடுகள்

புதுச்சேரி நகருக்கு மேற்கே சங்கராபரணி ஆற்றையொட்டி வில்லியனூர் கொம்யூன் அமைந்துள்ளது. தெற்கே, தென்பெண்ணையின் நீர் பாயும் வயல்வெளியில் பாகூர் கொம்யூன் விரிந்துள்ளது. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நீர் வார்க்கும் இந்நிலப்பகுதியில் நெல்லும் கரும்பும் செழித்து வளர்கின்றன. கடல் அண்மையில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். கத்திரி வெயில் நாள்களில் வெப்பமும் ஈரமும் ஒன்றுசேர, வியர்வை உலராமல் உடல் புழுங்கும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இவ்வூர்களில் தென்னங்கீற்று வேய்ந்த வீடுகளும் ஓட்டு வீடுகளும் மிகுதியாக இருந்தன. கீற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஓடுகளின் இடைவெளி வழியாகச் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும். ஆயினும் அவ்வீடுகளுக்குத் தீப்பிடிக்கும் அச்சமும் புயலில் சிதையும் அச்சமும் இருந்தன. எனவே, கற்சுவரும் காங்கிரீட் தளமும் கொண்ட வீடு பெறுவது ஒவ்வொரு குடும்பத்தின் கனவாயிற்று. அக்கனவு நனவானபோது புதிய இடர் ஒன்றும் உடன்வந்தது. பகல் முழுதும் வெயிலை உண்ட காங்கிரீட் தளம், இரவெல்லாம் அவ்வெப்பத்தை அறைக்குள் உமிழ்கிறது. மின்விசிறியோ அந்தச் சூடான காற்றையே சுழற்றுகிறது.

இந்நிலையில் குளிரூட்டியை ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது. கடும் வெப்பம் முதியோர், கைக்குழந்தைகள், இதயநோய் உடையோர் ஆகியோரின் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியது. மாதத் தவணையில் குளிரூட்டி வாங்கும் குடும்பம் உறக்கத்தையும் உடல்நலத்தையும் வேண்டியே வாங்குகிறது. ஆனால், வாங்கிய சில மாதங்களில் பல வீடுகளில் ஒரு குறை எழுகிறது. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்கான தும்மல், நீராய் ஒழுகும் மூக்கு, கண்ணரிப்பு, இரவில் வறட்டிருமல். “ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை” என்னும் ஒரு தொடரில் இக்குறைகள் அனைத்தும் அடக்கப்படுகின்றன. உண்மையில் ஒத்துக்கொள்ளாதது குளிரா, எந்திரமா, அறையில் அடைபட்ட காற்றா என்பதே ஆராயத்தக்க வினா.

தெரிந்து தெளிவோம்

சன்னல் என்னும் சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அதற்குரிய பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர் ஆயிற்று. மான்கண் வடிவில் அமைந்த காலதர்களைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. பலகணி, சாளரம் என்பனவும் இப்பொருளில் வழங்கும் சொற்கள். வீசும் திசையைக் கொண்டு காற்றுக்குக் கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனப் பெயரிட்டவர் தமிழர்.

குளிரூட்டி செய்யும் பணி

1902ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் தற்காலக் குளிரூட்டிக்கு வழிகாட்டிய அமைப்பை உருவாக்கினார். அது மனிதருக்காக உருவானதன்று. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தால் தாள்கள் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம்மாறிப் பதிந்தன. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தி அச்சுத்தாளைக் காப்பதே கேரியரின் நோக்கம். குளிரூட்டி தொடக்கமுதலே ஈரத்தோடு தொடர்புடைய எந்திரம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

வீடுகளில் பொருத்தப்படும் குளிரூட்டி இரு பகுதிகளைக் கொண்டது. உட்பகுதியில் குளிர்ந்த குழாய்ச் சுருள் உள்ளது. அறையின் காற்றை ஒரு விசிறி உள்ளிழுத்து, வலைபோன்ற வடிகட்டியின் வழியாக அச்சுருளின்மேல் செலுத்துகிறது. காற்றின் வெப்பம் சுருளுக்குள் ஓடும் குளிர்பொருளுக்கு மாறுகிறது. குளிர்ந்த காற்று மீண்டும் அறைக்கே திரும்புகிறது. குளிர்பொருள் ஏந்திச் சென்ற வெப்பம், வெளிச்சுவரில் உள்ள பகுதியின் வழியாக வெளியேற்றப்படுகிறது. இரு பகுதிகளுக்கும் இடையே வெப்பம் பயணம் செய்கிறது. காற்று பயணம் செய்வதில்லை. புதிய காற்றைக் குளிரூட்டி வெளியிலிருந்து கொண்டுவருகிறது என்று பலர் கருதுகின்றனர். வீடுகளில் பரவலாக உள்ள இவ்வகைக் குளிரூட்டி அப்பணியைச் செய்வதில்லை. அறையில் முன்பே இருந்த காற்றைத்தான் அது மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது.

வடிகட்டியின் ஆற்றலும் வரம்புக்கு உட்பட்டது. நைலான் வலை தலைமுடியையும் பஞ்சிழையையும் பருத்த தூசியையும் தடுக்கும். புகையின் நுண்துகள்கள் அதன் கண்களை எளிதில் கடந்துவிடும். மேலும், அவ்வலை தடுப்பது எந்திரம் அடைபடாமல் இருப்பதற்கே. நுரையீரலைக் காப்பது அதன் முதன்மை நோக்கமன்று.

ஓர் எளிய கணக்கு

பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் பத்து அடி உயரமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். அதன் கொள்ளளவு 1,200 கன அடி. அதாவது ஏறத்தாழ 34,000 லிட்டர். உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கார்பன்-டை-ஆக்சைடை வெளியிடுகிறார் எனக் கொண்டால், மூவர் வெளியிடுவது 36 லிட்டர். அறை முற்றிலும் அடைபட்டிருப்பின், ஒவ்வொரு மணி நேரத்திற்கும் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஆயிரம் பங்கிற்கு மேல் கார்பன்-டை-ஆக்சைடு கூடும். வெளிக்காற்றில் அதன் அளவு 420 பங்கையொட்டியே இருப்பதை எண்ணினால் இவ்வுயர்வின் விரைவு விளங்கும். கதவிடுக்குகளின் வழியே காற்றுச் சிறிது கசிவதால், உண்மையான அறைகளில் இவ்வளவு கூடுவதில்லை; எனினும் இரவின் பிற்பகுதியில் அறைக்காற்று நன்கு பழையதாகிவிடும்.

செருமானிய நலவியல் அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858ஆம் ஆண்டிலேயே இவ்வளவீட்டின் பயனைக் காட்டினார். பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டினால் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று அறியலாம் என்றார். இவ்வளவில் கார்பன்-டை-ஆக்சைடு நஞ்சாகிவிடுவதில்லை. அது ஓர் அடையாளம். மூச்சுக்காற்று வெளியேறாத அறையிலிருந்து தூசி, புகை, பூஞ்சை வித்து, நோய்க்கிருமி ஆகியனவும் எளிதில் வெளியேறுவதில்லை என்பதே அவ்வடையாளம் சொல்லும் செய்தி.

ஒவ்வாமை என்பது யாது?

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் கிருமிகளை அயலார் என அறிந்து தாக்குகிறது. சிலருடைய உடலில் இம்மண்டலம் தீங்கற்ற பொருள்களையும் பகையெனக் கொள்கிறது. இவ்வாறு இயல்பு மாறிய எதிர்வினையைக் குறிக்க, ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் ‘அலர்ஜி’ என்னும் சொல்லைப் படைத்தார். தமிழில் அது ஒவ்வாமை எனப்படுகிறது.

ஒவ்வாமை ஒரே நாளில் தோன்றுவதில்லை. முதலில் மூச்சுவழி நுழையும் ஒரு புரதத்திற்கு எதிராக உடல் ‘இம்யூனோகுளோபுலின் ஈ’ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. சப்பானிய இணையரான கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஆகியோர் 1966இல் இவ்வெதிர்ப்பொருளை வெளிப்படுத்தினர். இது மூக்கு, கண், மூச்சுக்குழல் ஆகியவற்றின் திசுக்களில் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மீண்டும் வரும்போது அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைச் சிதறும். அதனால் மூக்கில் அரிப்பும் தும்மலும் நீர்வடிதலும் உண்டாகின்றன. மூச்சுக்குழலில் இவ்வினை நிகழ்ந்தால் குழல் சுருங்கி, உட்படலம் வீங்கி, சளி மிகுந்து, இழைப்பு தோன்றும். இதுவே ஆஸ்துமாவின் தன்மை.

சளிக்காய்ச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் வேறுபாடு உண்டு. வைரசால் வரும் சளியில் உடல்வலியும் சில வேளைகளில் காய்ச்சலும் இருக்கும். ஒரு கிழமை அல்லது பத்து நாளில் அது நீங்கும். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது; அரிப்பு முதன்மையாக இருக்கும்; ஒரே இடத்தில் அல்லது ஒரே வேளையில் திரும்பத் திரும்ப வரும். குளிர்ந்த உலர்காற்று பட்டவுடன் மூக்கு ஒழுகுவது மூன்றாம் வகை. அது மூக்கின் நரம்புகளும் குருதிக்குழல்களும் காட்டும் உடனடி எதிர்வினை. எதிர்ப்பொருள் அதில் பங்கேற்பதில்லை. எனவே, “ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை” என்னும் ஒரே தொடருக்குள் மூன்று வேறு நிலைகள் மறைந்திருக்கக்கூடும். காரணம் வேறுபடின் தீர்வும் வேறுபடும்.

மெத்தையில் வாழும் சிற்றுயிர்

வீட்டுத் தூசி பலருக்கு ஒவ்வாமை தருவதை மருத்துவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். தூசியில் உள்ள எப்பொருள் அதற்குக் காரணம் என்பது விளங்காமல் இருந்தது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ரெய்ண்டெர்ட் வோர்ஹோர்ஸ்ட், ஃபிரிட்ஸ் ஸ்பீக்ஸ்மா முதலியோர் 1964இல் அப்புதிரை விடுவித்தனர். தூசியில் வாழும் சிற்றுண்ணியே காரணம் என அவர்கள் காட்டினர்.

சிலந்தி இனத்தோடு உறவுடைய இவ்வுயிருக்கு எட்டுக் கால்கள். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. மனிதரின் தோலிலிருந்து உதிரும் செதில்களே இதன் உணவு. இது கடிப்பதில்லை, நோயையும் பரப்புவதில்லை. இதன் கழிவில் உள்ள புரதமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. மெத்தை, தலையணை, கம்பளி, துணி வேய்ந்த சோபா ஆகியன இதன் வாழிடங்கள். படுக்கையை உதறும்போதும் புரளும்போதும் கழிவுத்துகள்கள் எழும்பி மூச்சில் கலக்கின்றன. இரவிலும் விடியலிலும் தும்மல் மிகுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சிற்றுண்ணி நீர் பருகுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலுக்குள் ஈர்த்துக்கொள்கிறது. ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டிற்குக் கீழ் நீடித்தால் அது உலர்ந்து மடியும். 70 முதல் 80 விழுக்காடு வரையிலான ஈரப்பதமும் 25 டிகிரி செல்சியசையொட்டிய வெப்பமும் அதற்கு மிகவும் உகந்தவை. கடலோரப் புதுச்சேரியின் இயல்பான காற்று இவ்வுயிருக்கு விருந்தோம்புகிறது என்றே கூறலாம். காற்றின் ஈரத்தைக் குறைக்கும் அளவில் குளிரூட்டி இங்கு நன்மையே செய்கிறது. ஆயினும், நாளின் ஒருசில மணி நேரம் மட்டும் ஈரம் மிகுந்தாலும் சிற்றுண்ணி தாக்குப்பிடித்துவிடும். இரவில் மட்டும் இயங்கும் குளிரூட்டியைக் கொண்டு அதை ஒழித்துவிட இயலாது.

சுவரில் படியும் பனி

பூஞ்சை, ஈரத்தை நாடும் மற்றோர் உயிர். அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஈரமான பரப்பில் படிந்தால் முளைத்துப் பரவுகின்றன. குளிரறையில் அவ்வீரம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை இயற்பியல் விளக்குகிறது.

30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியில் காற்று ஏறத்தாழ 22 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்காது. சுருளின் வெப்பநிலை இதனினும் மிகக் குறைவு என்பதால், அதைக் கடக்கும் காற்றின் நீராவி துளிகளாகிச் சுருளில் படிகிறது. வெளிச்சுவர்க் குழாயில் சொட்டும் நீர் இதுவே. எனவே குளிரூட்டியின் சுருளும் நீர்த்தட்டும் எந்நேரமும் நனைந்தே இருக்கின்றன. அங்குத் தூசியும் படிந்தால் பூஞ்சைக்கு நீரும் உணவும் ஒருங்கே கிடைக்கின்றன. எந்திரத்தை இயக்கியவுடன் எழும் புழுங்கல் நாற்றம் அதன் அறிகுறி.

காலையில் மற்றொன்று நிகழ்கிறது. இரவெல்லாம் 22 அல்லது 24 டிகிரியில் குளிர்ந்த சுவர், அலமாரி, மெத்தை ஆகியவற்றின்மேல், சன்னலைத் திறந்தவுடன் ஈரமான வெளிக்காற்று படுகிறது. முற்கூறிய வெளிக்காற்றின் பனிநிலை 26 டிகிரி. அதனினும் குளிர்ந்த எப்பரப்பின்மேலும் நீர் படியும். குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் புறத்தே துளிகள் அரும்புவதைப் போன்றதே இது. நாள்தோறும் இவ்வாறு நனையும் சுவர்மூலையிலும் அலமாரியின் பின்புறத்திலும் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. அப்புள்ளிகள் அழுக்கு அல்ல, உயிருள்ள பூஞ்சை.

மழைக்காலத்தில் இவ்விடர் பெருகுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் பெருகிய வெள்ளம் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் தாழ்வான குடியிருப்புகளில் புகுந்தது. வெள்ளம் வடிந்தாலும் சுவர் குடித்த நீர் வடிவதற்கு நெடுநாள் ஆகும். அச்சுவர் உலருமுன் அறையை மூடினால் பூஞ்சை வளர்வது உறுதி. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுத்தொல்லையும் ஆஸ்துமாவும் மிகுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுநெறிகள் எடுத்துரைத்தன.

புகையும் கொசுவும்

ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களில் கொசுவும் இருக்கும். மாலையானதும் சன்னலை அடைப்பதற்கு வெப்பத்தினும் கொசுவே முதற்காரணம். கொசுக்களை ஆராய்வதற்கெனவே புதுச்சேரியில் 1975இல் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களை ஒடுக்கும் பெரும்பணியை 1980களில் அது இங்கு மேற்கொண்டது.

கொசுவை விரட்ட ஏற்றும் சுருள், மூடிய அறையில் வேறொரு தீங்கை விளைவிக்கிறது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவிற்கு நிகரானது என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. காற்றோட்டமுள்ள திண்ணையில் எரியும் சுருளின் புகை கலைந்துவிடும். குளிரறையில் எரியும் சுருளின் புகையோ விடியும்வரை சுழலும். ஊதுவத்தி, சாம்பிராணி, நறுமணத் தெளிப்பு ஆகியவற்றிற்கும் இது பொருந்தும்.

குளிரூட்டி இல்லாத வீடுகளில் விறகடுப்பின் புகை இதனினும் பழைய பகை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளில் இப்புகையைப் பல்லாண்டுகள் அளந்துள்ளனர். கௌதமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களிடையே நடைபெற்ற ஆய்வில் அவர்கள் பங்கேற்றனர். இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, புதுச்சேரியைச் சூழ்ந்த அந்நாளைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கள்ளக்குறிச்சிப் பகுதி. விறகையே தொடர்ந்து பயன்படுத்திய பெண்கள் மூச்சில் ஏற்ற நுண்துகளின் அளவு கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராமாகவும், விறகுக்கு மாற்றாக எரிவாயு பெற்ற பெண்களிடம் அது ஏறத்தாழ 24 மைக்ரோகிராமாகவும் இருந்தது. ஆனால், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் 2022இல் வெளியான முடிவு மறைக்காமல் கூறியது. புகை குறைந்தது உறுதி. அதனால் விளையும் நன்மைகளை ஒவ்வொன்றாக அளந்தே அறியவேண்டும் என்பது அறிவியலின் நேர்மை.

ஒரே ஊரில், ஒரு வீட்டில் விறகின் புகையும் அடுத்த வீட்டில் குளிரறையின் அடைபட்ட காற்றும் இருக்கின்றன. இரண்டிற்கும் பொதுவான குறை, காற்று வெளியேற வழியின்மையே.

அச்சமும் தெளிவும்

குளிரூட்டியால் கொடிய நோய் வரும் என்னும் அச்சமும் மக்களிடையே உண்டு. 1976 சூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டையொட்டி நுரையீரல் அழற்சி பரவி, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு சனவரியில் ஜோசப் மெக்டேட், சார்லஸ் ஷெப்பர்டு ஆகியோர் அதற்குக் காரணமான பாக்டீரியத்தைக் கண்டறிந்தனர். படைவீரர் அமைப்பின் பெயரையொட்டி அதற்கு லெஜியோனெல்லா எனப் பெயரிடப்பட்டது. பெருங்கட்டடங்களின் நீர்க்குளிர்விப்புக் கோபுரங்களில் இது பெருகக்கூடும். வீட்டுக் குளிரூட்டியில் அத்தகைய கோபுரம் இல்லை. ஆதலின் அந்நிகழ்வை வீட்டறைக்குப் பொருத்தி அஞ்சவேண்டியதில்லை. தூய்மையற்ற நீர் தேங்கும் இடமெல்லாம் நோய்க்கு இடமாகும் என்னும் பொதுப்பாடம் மட்டும் எங்கும் பொருந்தும்.

குளிரூட்டி நன்மையும் செய்கிறது. கதவை மூடி அதை இயக்கும்போது சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் அறுவடைக்காலக் களத்துத் தூசியும் வைக்கோல் எரியும் புகையும் உள்ளே வருவது குறைகிறது. வெளிக்காற்று மாசுற்ற வேளையில் மூடுவதும், தூய்மையாக உள்ள வேளையில் திறப்பதுமே அறிவுடைமை.

செய்யத்தக்கன

குளிரூட்டியின் வலை வடிகட்டியை இரு கிழமைக்கு ஒருமுறை கழற்றி, நீரில் கழுவி, நிழலில் முற்றிலும் உலர்த்திப் பொருத்தவேண்டும். சுருளையும் நீர்த்தட்டையும் வடிகுழாயையும் கோடைக்கு முன்பாவது பழுதுநீக்குநரைக் கொண்டு தூய்மை செய்தல் நன்று. அறைக்குள் நீர் சொட்டினால் உடனே சரிசெய்யவேண்டும்.

வெப்பநிலையை 18 டிகிரிக்குத் தாழ்த்துவதால் அறை விரைவில் குளிர்வதில்லை. எந்திரம் நெடுநேரம் இயங்குவதும் சுவர் மிகக் குளிர்வதுமே மிஞ்சும். 2020 சனவரி முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் அறைக் குளிரூட்டிகள் தொடக்கத்தில் 24 டிகிரியில் இயங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. 26 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாக இயக்கினால் உடலுக்கும் செலவுக்கும் நலம்.

உறங்குமுன் சன்னல்களைச் சிறிது நேரம் திறந்து அறைக்காற்றை மாற்றவேண்டும். பலர் உறங்கும் அறையில் உட்கதவைச் சிறிதளவு திறந்துவைப்பதால் மின்செலவு சற்றுக் கூடினும் காற்று புதிதாகும். விடியலில் எந்திரத்தை நிறுத்திய உடனே சன்னலைத் திறவாமல், விசிறியை இயக்கி உட்கதவைத் திறந்து, அறை இயல்பு வெப்பத்தை அடைந்தபின் சன்னலைத் திறப்பது சுவரில் நீர்படிவதைக் குறைக்கும்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைதோறும் துவைக்கவேண்டும். 55 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீர் சிற்றுண்ணியைக் கொல்லும். இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் கோடை வெயிலில் காயவைத்துத் தட்டும் பழைய வழக்கம் அறிவியலுக்கு உடன்பட்டதே. கோரைப்பாயைத் தட்டி உலர்த்துவது எளிது. அதில் சிற்றுண்ணி தங்கும் இடமும் குறைவு. தரையைத் துடைப்பத்தால் கூட்டித் தூசியெழுப்புவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். கொசுவர்த்திக்கு மாற்றாகக் கொசுவலையும் சன்னல் வலையும் பயன்படுத்தினால் காற்று வரும், கொசு வராது.

இவற்றிற்குப் பின்னும் தும்மலோ இருமலோ நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். தோல் சோதனையாலும் குருதிச் சோதனையாலும் எப்பொருள் ஒவ்வாமை தருகிறது என அறியமுடியும். ஆஸ்துமாவிற்குத் தரப்படும் இன்ஹேலர் பற்றித் தவறான அச்சம் நிலவுகிறது. அது பழக்கத்திற்கு அடிமையாக்குவதில்லை. மிகச் சிறிய அளவு மருந்தை நேரே மூச்சுக்குழலில் சேர்க்கிறது. ஒருவர் ஒரு தொடரை முழுமையாகப் பேசமுடியாமல் மூச்சுத் திணறினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவிடை உட்குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனை சேர்க்கவேண்டும்.

வீட்டையே குளிர்வித்தல்

காங்கிரீட் வீடு வெப்பமாகத்தான் இருக்கவேண்டும் என்பது விதியன்று. புதுச்சேரி நகரிலேயே அதற்குச் சான்று உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ என்னும் தங்குமிடம் 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. செக் நாட்டில் பிறந்து சப்பானில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் அதனை வடிவமைத்தார். பின்னாளில் மரக்கலைஞராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா கட்டுமானப் பணியில் ஈடுபட்டார். காங்கிரீட்டால் ஆன அக்கட்டடத்தின் வடக்கு, தெற்கு முகங்களில் சன்னலுக்கு மாற்றாக, விரும்பியவாறு திருப்பத்தக்க பலகைகள் வரிசையாக உள்ளன. வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் அவை உள்விடும். கூரையின்மேல் வளைந்த ஓடுகள் இரண்டாம் கூரையாய் அமைந்து, இடையில் காற்று நிற்க இடந்தருகின்றன. குளிரூட்டி இன்றியே அங்கு வாழமுடிகிறது.

அதன் கோட்பாடுகளைச் சிற்றூர் வீடும் பின்பற்றலாம். மாடித் தளத்தில் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி எதிரொளிக்கும். மேற்குச் சுவருக்கு மரநிழலோ பந்தல்நிழலோ அமைக்கலாம். எதிரெதிராகச் சன்னல் வைத்தால் ஒருபுறம் புகும் காற்று மறுபுறம் வெளியேறும். சுவரின் உச்சியில் விடும் சிறு திறப்பு சூடான காற்றை வெளியேற்றும். திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் அமைத்துக் கட்டிய முன்னோர் இவ்வறிவைப் பட்டறிவாகப் பெற்றிருந்தனர். வீடு இயல்பாகவே குளிர்ந்திருப்பின், குளிரூட்டி கடுங்கோடையின் சில இரவுகளுக்கு மட்டும் துணைநிற்கும். அதை வாங்க இயலாத வீட்டாருக்கும் உறக்கம் வாய்க்கும்.

வெப்பம் ஆண்டுதோறும் கடுமையாகி வரும் காலத்தில் குளிரூட்டியின் தேவை மறையப்போவதில்லை. அதனை அறிந்து கையாள்வதே வேண்டுவது. குளிர்ச்சி வேறு, தூய்மை வேறு என்னும் தெளிவு முதலில் வரவேண்டும். அறையைக் குளிர்விக்கும் பணியை எந்திரத்திடம் விடலாம். காற்றைப் புதுப்பிக்கும் பணி இன்றும் காலதருக்கே உரியது.